தரைக்கு ஒரு கட்டி வெல்லம்

வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். வேலை வாங்குகிறவர்கள் மறு பக்கம் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு பேருமே கூப்பிடாமல் வந்து நிற்கிற மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவருக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. நாம் 'நிற்பவர்' என்று வைத்துக்கொள்வோம். அவர் எதையும் தொட்டு யாரும் பார்த்ததில்லை. குனிந்தும் பார்த்ததில்லை. நிற்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த நிற்பில் என்னவெல்லாம் நடந்துவிடுகிறது!

உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று வையுங்கள். அலைந்து, கெஞ்சி, காபி வாங்கிக் கொடுத்து ஒரு குழாய்க்காரனைப் பிடித்துக்கொண்டு வருகிறீர்கள். அவன் பையைத் தரையில் வைக்கிறான். உள்ளே ஸ்பானர்கள் லேசாகக் கிணுகிணுக்கின்றன. அடுத்த அறையில் இருக்கிற உங்கள் மனைவிக்கு அது கேட்காது. ஆனால் எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியில், காலைப் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு ருஷ்யாவின் எல்லையைச் சரிசெய்துகொண்டிருக்கும் நிற்பவருக்குக் கேட்டுவிடும். பத்திரிகையை மடிப்பார், துண்டை உதறித் தோளில் போடுவார், குடையை எடுப்பார், மழையும் இல்லாத வெயிலும் இல்லாத உங்கள் சமையலறைக்கு அந்தக் குடையோடு வந்து சேர்ந்து, குழாய்க்காரனின் முதுகுக்குப் பின்னால், அவன் மேல் விழ வேண்டிய வெளிச்சம் அத்தனையையும் மறைத்துக்கொண்டு நிற்பார். குடை எதற்கு? சுட்டிக் காட்டத்தான்.

"நான் ஒண்ணும் சொல்லலை" என்று ஆரம்பிப்பார். இதைக் கேட்டதும் நீங்கள் குழாய்க்காரனுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஒழுகும் குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிடுவது உத்தமம். ஏனென்றால் அடுத்து வருவது 'ஆனா'. 'ஆனா அந்த வாஷரைத் திருப்பிப் போட்டா என்ன?' 'ஆனா தாராபுரத்திலே என் மச்சினன் ஆத்திலே இதே மாதிரி ஆச்சு.' ஒழுகல் நின்றுவிட்டதா? 'நான் நின்னேன், ஆச்சு' என்பார். குழாய் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டதா? 'நான் அப்பவே நினைச்சேன்' என்பார். எப்போது நினைத்தார், வேறு எல்லாவற்றையும் சொன்னவர் இதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் உங்களுக்கு நன்றி கிடையாது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

பம்பாய் மாதுங்காவில் மங்கள நிவாஸ் என்ற கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இந்த இனத்தின் அசல் பிரதிநிதி ஒருவர் இருந்தார். பெயர் வேங்கடசுப்ரமணியன். பாலக்காட்டுப் பக்கம். ஒரு ரயில் கம்பெனியின் கணக்கு ஆபீசில், பாலம் கட்டுகிற இலாகாவிலிருந்து வரும் பில்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவருடைய உத்தியோகம். ஒரு பாலத்தையாவது அவர் நேரில் நின்று பார்த்ததில்லை. ஊருக்குப் போகும்போது பாலம் வரும்; அப்போது அவர் மேல் பெர்த்தில் தூங்கிக்கொண்டிருப்பார். இருந்தாலும், "நான் பாஸ் பண்ணின பாலத்து மேலதான் நீங்கள்லாம் ஊருக்குப் போயிண்டு வந்துண்டிருக்கேள்" என்று அவர் சொல்லும்போது கேட்கிறவர்களுக்கு ஒரு நிமிஷம் காலடியில் தரை ஆடும். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் பாலம் மாமா.

மங்கள நிவாஸின் அடியில் ஒரு நிலவறை உண்டு. வீட்டுக்காரச் சேட் துணி பேல்கள் அடுக்குவதற்காக ஆசைப்பட்டுத் தோண்டினது. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துப் பூமியைத் தெரிந்தவர் யாரும் அப்படி ஆசைப்பட மாட்டார்கள். முதல் மழைக்காலத்திலேயே தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்து, பேல்களின் சாயமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, சேட்டின் சரக்கு முழுவதும் ஒரே நிறமாகிவிட்டது. பிறகு ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊர் கலங்கின வருஷம் அந்த அறை குண்டுக்குப் பயந்து ஒதுங்குகிற ஷெல்டர் ஆயிற்று. பாலம் மாமா விமானக் குண்டுப் பாதுகாப்புக்கு, அதாவது ஏ.ஆர்.பி.க்கு, வார்டன் ஆனார். தகரத் தொப்பியும் விசிலுமாக ஒரு ஜூலை மாதச் சாயங்காலம் ஒத்திகை வைத்து, கட்டடம் பூராவையும் ஷெல்டருக்குள் இறக்கினார். குண்டு விழவில்லை. முழங்கால் தண்ணீரில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சைரன் ஓய்கிற வரைக்கும் எல்லாரும் நின்றார்கள். மேலே ஏறி வந்ததும் அவருடைய மனைவி விசாலாக்ஷி, "குண்டே தேவலை" என்றாள்.

குண்டு வராது என்று தெளிந்த பிறகு சேட் அந்த ஷெல்டரை அம்மிணிக்கு வாடகைக்கு விட்டார்.

அம்மிணிக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒற்றை அறையில் அவளும், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண் ருக்குவும். வெயில் காலம் முழுக்க மொட்டைமாடியில் பப்படமும் கருவடாமும் இட்டுக் காயவைத்து, மோர்மிளகாய் உலர்த்தி, மண்ணெண்ணெய் டின் அளவு பெரிய டின்களில் அடைத்து ஷெல்டரில் அடுக்கிவிடுவாள். மழை பிடித்துக்கொண்டு, காய்கறி வண்டிகள் வராமல், குடைக்குள் இருந்தபடியே எல்லாரும் சுட்ட பப்படத்தை நினைக்க ஆரம்பிக்கிற நாட்களில் மாதுங்காவும் செம்பூரும் அம்மிணியைத் தேடும். அந்த மழைக்கால விற்பனைதான் அவளுக்கு வருஷம் முழுவதற்கும் சோறு. அது இல்லையென்றால் பாலக்காட்டில் அண்ணா வீடு இருக்கிறது. அண்ணாவும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார். மன்னிக்கு அடுக்களையில் ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். அம்மிணி அந்த அடுக்களையில் ஏற்கனவே ஒத்தாசை செய்து பார்த்தவள். அதைவிட ஷெல்டர் எவ்வளவோ மேல் என்று முடிவு கட்டி, பெண்ணையும் பப்படம் இடுகிற குழவியையும் எடுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறினவள்.

மொட்டைமாடியில் ஓர் அறை உண்டுதான். அந்த அறை கிடைத்தால் டின்களை நாலு மாடி தூக்கி இறக்க வேண்டாம், ஈரமும் கிடையாது. ஆனால் அதற்குள் ஏ.ஆர்.பி. மணல் மூட்டைகளும், வாளிகளும், ஒரு கைப் பம்பும் இருந்தன. சாவி பாலம் மாமாவின் பூணூலில் இருந்தது. அம்மிணி ஒரு தடவை கேட்டும் பார்த்தாள். "அது சர்க்கார் சொத்தாக்கும்" என்றார் அவர், சர்க்காரின் தாய்மாமனைப் போல.

முந்தின வருஷ மழையில் ஷெல்டர் தரையில் கணுக்கால் தண்ணீர் ஊறி, அடி வரிசை டின்களில் பூஞ்சை பூத்துவிட்டது. சேட் வந்து பார்த்தார். தரை இப்படியே கிடந்தால் சுவர் கெட்டுவிடும், கட்டடம் கெட்டுவிடும். வேண்டுமானால் ஒரே ஒரு தடவை சிமெண்டு பூசிப் பார்க்கலாம், அதற்கும் தண்ணீர் நிற்காவிட்டால் அறையை மண் போட்டு மூடிவிடுவேன் என்றார். சிமெண்டு அப்போது பர்மிட் இல்லாமல் கிடைக்காத சரக்கு. வேறெங்கோ கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து சில மூட்டைகளை அவரே இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். சேட் கணக்கில் அது பெரிய தர்மம். அம்மிணி கணக்கில் அது கடைசிச் சீட்டு.

ஜெர்மனி சரணடைந்த அந்த மே மாதத்தில், தாராவியிலிருந்து அய்யாத்துரை என்ற கொத்தனார் வந்தான். திருநெல்வேலிக்காரன். டின்களையெல்லாம் மாடிப்படி ஓரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு, பழைய தரையைக் கொத்தி, கூட்டிப் பெருக்கி, மூட்டையைப் பிரித்தான். கரண்டி சட்டியில் பட்டு ஒரு 'டங்' கேட்டது.

"நான் ஒண்ணும் சொல்லலை" என்று படியிலிருந்து குரல் வந்தது.

அம்மிணி படியை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா எதுக்கு இந்தப் புழுதியிலே…" என்றாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும். ஏம்ப்பா, இப்போ என்ன பண்ணப் போறே?"

"சிமிட்டியும் மணலும் கலந்து பூசப் போறேன் சாமி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சாமி."

பாலம் மாமா அம்மிணியைப் பார்த்துச் சிரித்தார். வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைப் பார்த்து டாக்டர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"மேலேர்ந்து வர தண்ணிக்கு இது போறும். இது கீழேர்ந்து வர தண்ணி. இதுக்கு பிரெஷர் உண்டு. பிரெஷர்னா என்னன்னு தெரியுமோ, அம்மிணி?"

அம்மிணிக்குப் பிரெஷர் தெரியாது. மன்னியைத் தெரியும்.

"நம்ம ஊர்க் கோவில் குளமெல்லாம் எதிலே கட்டினான்? சிமென்டிலயா? சுண்ணாம்பு. சுண்ணாம்பிலே கடுக்காய்த் தண்ணி, வெல்லம். எத்தனை தலைமுறையா நிக்கறது! ஒரு சொட்டு கசியறதோ?"

"குளத்திலே தண்ணி உள்ளே நிக்கணும் அண்ணா. நேக்கு வெளியிலேன்னா நிக்கணும்?"

"அசடே, ரெண்டும் ஒண்ணுதான். தாழ்ப்பாளை உள்ளேயும் போடலாம், வெளியேயும் போடலாம். கதவு ஒண்ணுதானே?"

இதற்கு அம்மிணியிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா? நிற்பவர்களின் உவமைகளுக்கு யாரிடமும் பதில் இருந்ததில்லை. அவை வந்து விழுந்த வேகத்தில் நாம் கதவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம், தரை மறந்துபோகிறது.

அய்யாத்துரை தலையைச் சொறிந்தான். "சாமி சொல்லுதது நெசந்தான். எங்கூர்ல சுண்ணாம்புக்குக் கருப்பட்டிகூடப் போடுவாக. சிமிட்டிக்குப் போட்டு நாம் பாத்ததில்ல."

"சுண்ணாம்பு தம்பின்னா சிமென்ட் அண்ணா. தம்பிக்கு ஒத்துக்கறது அண்ணாவுக்கு ஒத்துக்காதா?"

"அப்பம் கருப்பட்டியும் போட்டுப் பாப்பமா சாமி?" என்றான் அய்யாத்துரை உற்சாகமாக. அவனுக்கும் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. கெட்டால் கெடுவது அவன் வீட்டுத் தரை இல்லையே.

அம்மிணி ஏன் தலையை ஆட்டினாள் என்று நீங்கள் கோபித்துக்கொள்ளலாம். அவர் பெரியவர், இங்கிலீஷ் தெரிந்தவர், பாலம் பாஸ் பண்ணினவர், மாடிச் சாவி வைத்திருப்பவர் என்பதெல்லாம் ஒரு காரணம். ஆனால் அதுமட்டுமில்லை. பப்படக்காரம் ஒரு சிட்டிகை குறைந்தால் பப்படம் எண்ணெயில் சப்பென்று கிடக்கும், ஒரு சிட்டிகை சரியாக விழுந்தால் சிரித்துக்கொண்டு பொங்கும் என்று தினம் தினம் பார்க்கிறவள் அவள். தரைக்கும் அப்படி ஒரு சிட்டிகை இருக்கும், அதுதான் இத்தனை நாள் விட்டுப்போயிற்று என்று நம்புவதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இருந்தது. மேற்கே வானத்தில் சாயங்காலங்களில் மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது.

கடுக்காய் மாதுங்கா மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. வெல்லம்தான் பஞ்சம். ரேஷன் காலம், சர்க்கரையைக் கண்ணில் காட்டாத நாட்களில் எல்லாருடைய காபியும் வெல்லத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாலம் மாமா அசரவில்லை. ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ணுகிற மாதிரி, மாடி மாடியாக ஏறினார். "வீட்டுக்கு ஒரு கட்டி. அம்மிணி தரைக்கு. புண்ணியமாக்கும்."

"சங்கராந்திக்கே எங்காத்திலே அரைக் கட்டிப் பொங்கல்" என்றாள் முதல் மாடி மாமி.

"தரை சாப்பிடறதா இப்போ?" என்றாள் மூன்றாம் மாடி மாமி.

அவருடைய வீட்டுக் கதவையும் அவர் தட்டினார். அங்கேதான் கொஞ்சம் தாமதமாயிற்று. விசாலாக்ஷி பெரிய கட்டியாகவே ஒன்றை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். "ஏன்னா, ரெண்டு ஏலக்காயும் தட்டிப் போடச் சொல்லுங்கோ. தண்ணி நிக்காட்டாலும் பானகமாவது ஆகும்."

கடுக்காய்த் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து, அய்யாத்துரை தன் பங்குக்கு வாங்கி வந்த கருப்பட்டியையும் தட்டிப் போட்டு, சிமெண்டையும் மணலையும் கலந்து பூசினார்கள். குடையின் நுனி இங்கே, அங்கே, அந்த மூலை, இந்த மூலை என்று பாய்ந்துகொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் தரை கண்ணாடியாக மின்னிற்று. கட்டடம் முழுவதும் ஏதோ நிச்சயதார்த்தம் நடக்கிற வாசனை. எல்லாரும் படியில் வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். "நான் நின்னேன், ஆச்சு" என்றார் பாலம் மாமா. அம்மிணிக்குக் கண் கலங்கிற்று. அவள் அவருக்கு ஒரு கட்டு மிளகுப் பப்படம் கொடுத்தாள்.

மறுநாள் காலை அம்மிணி இறங்கிப் போய்க் கால் கட்டைவிரலால் தரையைத் தொட்டாள். விரல் உள்ளே போயிற்று.

"சிமென்ட்னா அப்படித்தான். பொறுமை வேணும்" என்றார் பாலம் மாமா.

அதற்கும் மறுநாள் விரல் உள்ளே போயிற்று. அந்த வார முடிவில், கல்லாகியிருக்க வேண்டிய தரை நன்றாகக் கிளறி இறக்கின கோதுமை அல்வாவின் பதத்தில் இருந்தது. அழுத்தினால் பள்ளம் விழும். எடுத்தால் மெல்ல மெல்ல மூடிக்கொள்ளும். பிறகு எறும்பு வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ, சயானிலிருந்தும் சுனாபட்டியிலிருந்தும் சொந்தபந்தங்களுக்குச் சொல்லி அனுப்பிக் கூட்டி வந்த மாதிரி, சுவரோரமாக வரிசை வரிசையாக வந்தது.

"எறும்பு வந்தா நல்லதுதான்" என்றார் பாலம் மாமா. "எறும்பு ஈரத்துக்கு வராது."

"வெல்லத்துக்கு வரும் அண்ணா" என்றாள் அம்மிணி. அவர் காதில் அது விழவில்லை. நிற்பவர்களுக்குக் குழாய்க்காரன் பை மூன்று மாடிக்கு அப்பால் கேட்கும். பக்கத்தில் நிற்கிறவர்கள் பேசுவதுதான் கேட்காது.

செய்தி பரவி, பக்கத்துக் கட்டடத்திலிருந்து வெங்கடராமன் என்று இன்னொரு நிற்பவர் வந்தார். அவரிடம் குடை இல்லை, கைத்தடி. படிகாரம் போட்டிருக்க வேண்டும் என்று அவர் கட்சி. இரண்டு பேரும் தரையைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"வெல்லத்துக்கு முறிவு படிகாரம்."

"கடுக்காய் போட்ட இடத்திலே படிகாரம் எடுபடாது."

"யார் சொன்னா?"

"நான் பாஸ் பண்ணின பாலம் சொல்றது."

அய்யாத்துரை கரண்டியைக் கழுவிப் பைக்குள் போட்டான். "ஒரு சாமிக்குக் கலவ போட்டதே இந்த லெச்சணத்துல இருக்கு. ரெண்டு சாமிக்கு என்னால ஆவாது. ரெண்டு பேரும் பேசி ஒண்ணாச் சொல்லுங்க, வாறேன்." சிமெண்டும் தீர்ந்திருந்தது. அவன் தாராவிக்குப் போய்விட்டான்.

படி ஓரத்தில் டின்கள் சுவர் மாதிரி நின்றன. போகிற வருகிறவர்கள் எல்லாம் முழங்காலில் இடித்துக்கொண்டார்கள். முதல் மாடி மாமி, "அம்மிணி, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று தினமும் ஒரே குரலில் கேட்டாள். காற்று திரும்பிவிட்டது, மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகள் கடலுக்கு முதுகைக் காட்டிப் படபடத்தன. படிக்கு எதிரே இடிந்து கிடந்த மதில் பக்கமாகச் சாரல் அடித்தால் படி ஓரம் முழுவதும் நனையும். அம்மிணி ஒவ்வொரு மூடியாக அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாலக்காட்டு அண்ணாவுக்கு என்ன பதில் சொல்வது என்று மனசு தானாகவே வாசகம் அமைத்தது. அவள் அதை அடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த நிலையில்தான் சேட் தரையைப் பார்க்க வந்தார்.

வெள்ளை வேட்டி, நீளக் கோட்டு, கறுப்பு பம்ப் ஷூ. அம்மிணி வாய் திறப்பதற்குள் பாலம் மாமா முன்னால் வந்துவிட்டார். "சேட்ஜி, யே கச்சா நஹீ ஹை. யே க்யூரிங் ஹை" என்றார். தரை பச்சையாக இல்லை, இறுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சேட் மின்னுகிற தரையைப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். உள்ளே காலை வைத்தார்.

கால் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. சேட் சுவரைப் பிடித்துக்கொண்டு பலமாக இழுத்தார். 'ப்ளக்' என்று கால் வந்தது. ஷூ வரவில்லை. அது தரைக்குள் கிடந்தபடி வாயைத் திறந்து மேலே பார்த்தது. அதைச் சுற்றித் தரை மெல்ல மூடிக்கொண்டது. சேட் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, விரலில் ஒட்டினதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். குஜராத்திக்காரரிடம் இனிப்பை மறைக்க முடியுமா?

"குட்?" என்றார் நம்பாமல். "இதர் குட் டாலா? வெல்லமா போட்டது? கிஸ்னே டாலா?"

போட்டது யார் என்று கேட்கிறார். படியில் நின்றவர்கள் எல்லாரும் பாலம் மாமாவைப் பார்த்தார்கள். முதல் மாடி மாமி தன்னுடைய கட்டியை நினைத்துக்கொண்டு பார்த்தாள். பாலம் மாமா குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"நான் சும்மா நின்னுண்டுன்னா இருந்தேன்" என்றார்.

அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் இந்த இனத்தின் சாமர்த்தியம். கரண்டி பிடித்தது அய்யாத்துரை, தலையாட்டினது அம்மிணி, வெல்லம் கொடுத்தது கட்டடம். அவர் நின்றார்.

சேட் அதற்குமேல் விசாரிக்கவில்லை. மண் போட்டு மூடு, இந்த வாரமே மூடு என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி தத்தித் தத்திப் படி ஏற ஆரம்பித்தார். அம்மிணி டின்களுக்கு நடுவில் நின்றாள். இந்த ஆள் தெருவில் போய் விக்டோரியாக் குதிரை வண்டியில் ஏறிவிட்டால் அப்புறம் பாலக்காடுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. வீடு வீடாகப் பப்படம் விற்றுக் கற்றுக்கொண்ட ஹிந்தி அவளுடையது. ஆண் பெண் பேதம் பார்க்காது, எல்லாரையும் ஒரே மாதிரி அதட்டும்.

"சேட்ஜி, ருக்கோ! நீச்சே பந்த் கரோ. மேரே கோ ஊபர்வாலா ரூம் தேவ்." நில், கீழே மூடிக்கொள், மேல் அறையை எனக்குக் கொடு என்றாள்.

"கௌன்ஸா ரூம்?" எந்த அறை என்று சேட் கேட்டார்.

"ரேத்திவாலா. மணல் ரூம்" என்று அவள் மேலே கையைக் காட்டினாள். "பாடா சேம் டு சேம்." வாடகை அதேதான் என்று அர்த்தம்.

சேட் நின்றார். மொட்டைமாடி அறையில் மணல் இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கீழே மூடுவதற்கு மண் வேண்டும். மேலே மணல் சும்மா கிடக்கிறது. ஒற்றை ஷூவோடு நிற்கும்போதும் ஒரு வியாபாரிக்கு இரண்டையும் இரண்டையும் கூட்ட வரும்.

"சேட்ஜி, அது சர்க்கார் சொத்து!" என்று பாலம் மாமா பதறினார். "ஜப்பானோட யுத்தம் இன்னும் முடியலை!"

"தும்ஹாரா கதம்" என்றார் சேட். உன் யுத்தம் முடிந்துவிட்டது என்று சொல்லிக் கையை நீட்டினார்.

பூணூலிலிருந்து சாவியை அவிழ்ப்பது சுலபமில்லை. முடிச்சு இறுகியிருந்தது. கூட்டத்திலிருந்து விசாலாக்ஷி வந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

அய்யாத்துரை மறுபடியும் வந்தான். மணல் மூட்டைகளை இறக்கிக் கீழே கொட்டினான். ஷூவும் எறும்பும் பானக வாசனையும் எல்லாம் உள்ளே போயின. மணல் கொட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று பாலம் மாமா படியில் நின்றார் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டின்கள் மேலே ஏறின. அம்மிணி தூக்கினாள், ருக்கு தூக்கினாள், விசாலாக்ஷிகூடப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு இரண்டாகத் தூக்கினாள். கடைசி டின் நாலாம் மாடி திரும்பும்போது வானம் கிழிந்து கொட்டிற்று. அந்த வருஷமும் ஷெல்டரில் தண்ணீர் ஊறியிருக்கும். ஊறட்டும். பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

மாடி அறை நல்ல உலர்ந்த அறை. சரக்கு மொறுமொறுவென்று இருந்தது. அந்த மழைக்கு அம்மிணியின் பப்படம் தாதர் வரைக்கும் போயிற்று. ஒரே ஒரு மூலையில் மட்டும் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அவள் அதற்கு அடியில் ஒரு காலி டின்னை வைத்தாள். டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். டின் நிறைந்தால் கொட்டிவிடுவாள். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அந்த 'டொக்' இரண்டாம் மாடிக்குக் கேட்காமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடை தட்டிக்கொண்டு படி ஏறி வந்தது. பாலம் மாமா வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். தாராபுரத்து மச்சினன் அவருடைய தொண்டை வரைக்கும் வந்துவிட்டான்.

"வாங்கோ அண்ணா" என்றாள் அம்மிணி. தரையில் மணைக்கு முன்னால் உட்கார்ந்து உளுந்து மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் டின்கள். "நிக்க இடமில்லை, பாத்தேளா? இப்படி உக்காருங்கோ. சரியான நேரத்துக்கு வந்தேள். ருக்கு ஜுரமாப் படுத்துண்டிருக்கா, சரக்கு தீர்ந்து செம்பூர் ஆர்டர் அப்படியே கிடக்கு, கணப்பிலேதான் உலர்த்தணும்." என்று ஒரு குழவியையும் ஒரு பெரிய மாவு உருண்டையையும் அவர் பக்கம் நகர்த்தினாள். "மெல்லிசா இடணும். நீங்கள் பாலமே பாஸ் பண்ணினவர். பப்படம் வராதா?"

பாலம் மாமா குழவியைப் பார்த்தார். மாவைப் பார்த்தார். தம்முடைய இரண்டு கைகளையும், முதல் தடவையாகப் பார்க்கிறவர் போல, பார்த்தார்.

"நேக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மிணி அடுத்த உருண்டையை எடுத்தாள். குடை வேகமாகப் படி இறங்குகிற சத்தம் இரண்டாம் மாடி வரைக்கும் கேட்டது.

சரி, அவர் போகட்டும். நீங்கள்? சிமெண்டில் வெல்லம் விழுந்த இடத்தில் நீங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள், நான் பார்த்தேன். அந்தத் தரையை எப்படிப் பூசியிருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு மாற்று யோசனை ஓடிற்று. தார் பூசியிருக்கலாம். ஓரத்தில் ஒரு குழி விட்டிருக்கலாம். உங்கள் பெரியப்பா வீட்டில் வேறு எதையோ செய்து, இன்றுவரைக்கும் ஒரு சொட்டு வந்ததில்லை. இதோ, மாடி அறையின் கூரைச் சொட்டு எங்கேயிருந்து வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது, இல்லையா? போய்ச் சொல்லுங்கள். நாலு மாடிதான். அம்மிணி மாவு பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.